சாயங்காலத் தக்காளி விலையில் ஒரு மண்டபம்

தக்காளி விற்கத் தெரிந்தவனுக்கு எதையும் விற்கத் தெரியும் என்று நான் நம்பினேன். உப்பு, செருப்பு, வீட்டுமனை எல்லாமே தக்காளிதான், கூடை மட்டும்தான் வேறு. கேட்க ஆள் கிடைத்தபோதெல்லாம் இதைச் சொன்னேன். ஆள் கிடைக்காதபோது மனைவியிடம் சொன்னேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை என்னுடையது. அந்தத் தொழிலின் அழகே அதில் நமக்கென்று எதுவும் இல்லை என்பதுதான். காய் விவசாயியுடையது, லாரி கேரளாக்காரருடையது, நிற்கிற தரை வாடகைக்கு. எனக்குச் சொந்தம் ஒரு தராசும் ஒரு தொண்டையும். கீரனூரிலிருந்தும் தொப்பம்பட்டியிலிருந்தும் வருகிற தக்காளியை ஏலம் விட்டு, கமிஷனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பொழுது சாய்ந்தும் பெட்டி மிஞ்சினால் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். விடிந்தால் அது ரசத்துக்கும் ஆகாது. இந்த ஒரே உத்தியை வைத்துக்கொண்டு பாதி ஆயுசை ஓட்டியவன் நான்.

அப்படி இருந்தவன் திண்டுக்கல்லில் ஓர் ஓட்டல் அறையில், வியாபாரிகளை முன்னேற்றும் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். மதியச் சாப்பாடு இலவசம். கோட்டுப் போட்ட ஒருவர், ஏசி ஓடியும் வியர்த்தபடி, பணம் உழைக்க வேண்டும், முதலாளி தூங்க வேண்டும் என்றார். கடன் வாங்கி அசையாச் சொத்தில் போடுங்கள் என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த நூற்பாலைக்காரர் தலையாட்டினார். அவர் கடனைப் பற்றி அன்றாடச் சோறு போலப் பேசினார். அவருடைய ஆலை மூன்று ஷிப்ட் ஓடுகிறது, வட்டியை அது நூலோடு நூலாக நூற்றுவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. காலமெல்லாம் விடியுமுன் எழுந்தவனிடம் தூக்கத்தைக் காட்டினால் வேறு எதை யோசிப்பான்?

குடியிருந்த வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி, திண்டுக்கல் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாங்கினேன். புதுக் கட்டடம். கட்டி முடித்த கையோடு, ஒரு கல்யாணம்கூட நடக்கும் முன்பே, உரிமையாளர் விற்றுவிட்டார். ஏன் விற்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சரவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மனைவி பெயரில் இருந்ததால் அவள் வந்து கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை மூடியபடி சொன்னாள்:

“நாளைக்கு வீடு போயி மண்டபத்துல குடியிருக்க வேண்டி வந்துச்சுன்னா மணமகள் அறை எனக்கு. நீங்க ஸ்டோர் ரூம்ல படுத்துக்கங்க.”

மார்க்கெட்டில் இன்றைக்குப் போன காசு நாளைக்கு வரும். மண்டபத்தில் வரும்படி எந்த நாளில் என்பதைப் பஞ்சாங்கம் முடிவு செய்கிறது. தவணை எந்த நாளில் என்பதை வங்கி முடிவு செய்கிறது. இரண்டு பேரும் கலந்து பேசிக்கொள்வதில்லை.

வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு மண்டபம் பார்க்கத் தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குடும்பத்தோடு வந்தார். குழாய்களைத் திறந்து பார்த்தார், பந்தியில் எத்தனை இலை விழும் என்று கேட்டார். திருப்தியாகத்தான் இருந்தார். வாடகையைச் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்தார். பாவம், சரவிளக்கைப் பார்த்திருக்கிறார். ஆனால் எங்கள் மார்க்கெட்டில் வாங்க வந்தவன் அண்ணாந்து பார்த்தால் கிளம்பப் போகிறான் என்று அர்த்தம். என் கண்முன் மிஞ்சிய பெட்டிகள் அழுக ஆரம்பித்தன. விலையைக் குறைத்தேன். அவர் மேடைப் பக்கம் நடந்தார். இன்னும் குறைத்தேன். அவர் மேடைவரை நடந்து திரும்புவதற்குள் வாடகை பாதியாகியிருந்தது, ஜெனரேட்டருக்கு டீசலும் என் செலவாகியிருந்தது.

பெரியவர் மனைவியை ஓரமாக அழைத்துப்போய் ஏதோ பேசினார். திரும்பி வந்து, துக்க வீட்டில் கேட்பதுபோல் கேட்டார்:

“ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மண்டபத்துல ஏதாச்சும் ஆகிப்போச்சுங்களா?”

ஒன்றும் ஆகவில்லை, நாள் வீணாகிவிடக் கூடாதே என்றுதான் குறைத்தேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்ததில் அவருடைய சந்தேகம் உறுதியானது. வரவழைத்த காப்பியைக்கூடத் தொடாமல் வேனில் ஏறிவிட்டார்கள்.

அடுத்த சில வாரங்களில் மண்டபத்தின் வரலாறு ஊருக்கு ஒன்றாக எழுதப்பட்டது. ஓர் ஊரில் சமையல்காரர் சாம்பார் அண்டாவில் விழுந்திருந்தார். இன்னோர் ஊரில் தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் ஓடிப்போயிருந்தாள். நடக்காத கல்யாணத்திலிருந்து எப்படி ஓட முடியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. சாயங்காலம் விளக்குப் போடப் போகும்போது, உள்ளே இருப்பவருக்குத் தெரியட்டும் என்று வாசலிலேயே இரண்டு தடவை செருமிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

வைகாசி போனது, ஆனி போனது, ஆடி பிறந்தது. ஆடியில் எவர் கல்யாணம் செய்வார்? வங்கியிலிருந்து வரும் அழைப்புகளில் மரியாதை குறைந்துகொண்டே வந்தது. மனைவி மணமகள் அறைக்கு ஒரு கொசுவலை வாங்கி வந்தாள்.

அப்போதுதான் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் வாங்கி விற்கும் என் பழைய கூட்டாளி தேடி வந்தான். மழை மிரட்டுகிறது, தோட்டத்தில் வெங்காயத்தைக் குவித்து மூடிப் பட்டறை போட்டு வைக்கப் பயமாயிருக்கிறது என்றான்.

“ஏலே, உன் மண்டபம் சும்மாதான கெடக்கு? அம்புட்டு சன்னல் எந்தக் குடோன்ல இருக்கு? கொஞ்ச நாளைக்கு எனக்குக் குடு. மூடைக்கு இம்புட்டுன்னு வாடகை தாரேன்.”

அவன் முடிப்பதற்குள் சாவி அவன் கையில் இருந்தது. மறுநாள் சரவிளக்குக்குக் கீழே வெங்காயம் குவிந்தது. காற்றாடிகள் சுழன்றன. மணமேடையிலும் வெங்காயம்தான்.

பார்த்தால், அதே வாரம் திண்டுக்கல்லிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்தார். கத்தோலிக்கக் குடும்பம், ஆடி அவர்களுக்கு ஒரு தடையில்லை. மகளுக்குத் திருமண வரவேற்பு. வதந்திகளைக் கேட்டிருந்தார், சிரித்தார், நேரில் வருகிறேன் என்றார். ஒரே ஒரு கல்யாணம் நடந்துவிட்டால் போதும், மண்டபத்தின் பெயர் மீண்டுவிடும், வீடும் மிஞ்சும். ஆளைப் பிடித்து வெங்காயத்தைப் பின்னறைகளில் அடைத்தேன். பினாயில் விட்டுக் கழுவி, சாம்பிராணி போட்டு, பன்னீர் தெளித்தேன். பன்னீரில் குளித்த வெங்காய வாசம் வந்தது.

தலைமையாசிரியர் சம்பந்தி வீட்டாரோடு வந்தார். கூடத்தின் நடுவில் நின்ற கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுத்து சம்பந்தி. புது பெயின்ட் என்றேன். மாப்பிள்ளைப் பையன் மணமகன் அறையைத் திறந்தான். மூடை ஒன்று சரிந்து அவன் காலடியில் கொட்டியது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். குறைந்த விலை சொன்னால் பயந்து ஓடுகிறார்கள் என்று பாடம் படித்திருந்தேன் அல்லவா? எனவே ஊரிலேயே பெரிய மண்டபத்துக்குக்கூடக் கேட்காத வாடகையைச் சொன்னேன்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, இது கல்யாணத்துக்கா, வெங்காயத்துக்கா?”

வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்கள்.

ஆடி முடிந்தபோது கூட்டாளி மூடைகளை எடுக்கவில்லை. இன்னும் இரண்டு வியாபாரிகளைக் கூட்டி வந்தான். அந்த வாடகையில் தவணை போகிறது. சொந்த வீட்டில்தான் குடியிருக்கிறோம், பத்திரம் இன்னும் வங்கியில் இருக்கிறது. மண்டபத்தில் இதுவரை ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. மணமகள் அறையில் மலைப்பூண்டு இருக்கிறது.