ஜமீலா அக்கா மாற்றிவிட்டுப் போன விதி

திங்கட்கிழமை காலை, ஆவடித் தொழிற்சாலையில் என் இருக்கையில் உட்கார்ந்த சற்று நேரத்தில் ஜமீலா அக்காவின் வழக்கை நடத்திய வழக்கறிஞர் ஐயா அழைத்தார். "பூந்தமல்லி அம்மா தவறிட்டாங்க. அடக்கம் இன்னைக்கே. சொந்தக்காரங்க அதிகம் இல்ல. முடிஞ்சா வாங்க" என்றார். இறந்தது யார் என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள். ஜமீலா என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. அவளும் நானும் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதே அந்தப் பெயருக்குரியவரால்தான். அதனால் எழுதுகிறேன்.

ஜமீலா அக்காவின் தந்தை இதே ஆவடி அரசுத் தொழிற்சாலையில் கடைசல் பிரிவில் வேலை பார்த்தவர். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். ஆண் பிள்ளை இல்லை. கணவரோடு பூந்தமல்லியில் குடியிருந்த அக்காதான் தாயாரையும் தன்னோடு வைத்துக் காப்பாற்றினார். கருணை அடிப்படையில் அந்த வேலையைக் கேட்டுப் போனார். மணமான மகளுக்குக் கொடுக்க விதியில் இடமில்லை என்றார் அதிகாரி. அந்த உரையாடலை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"கல்யாணம் ஆயிடுச்சில்லம்மா? நீ இப்ப வேற ஊட்டுப் பொண்ணு."

"எனக்கு ஒரு தம்பி இருந்து, அவனுக்குக் கல்யாணம் ஆயிருந்தா சார்?"

"மகன்னா கொடுப்போம்."

"அப்ப கல்யாணம் ஆனா அவன் மகனாவே இருப்பான், நான் மட்டும் மகளா இருக்க மாட்டேனா?"

அந்தக் கேள்வியோடுதான் அக்கா தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கே தோற்றார். உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அவர் பக்கம் நின்றார். மேல்முறையீட்டில் அதுவும் கவிழ்ந்தது. பிறகு டெல்லி.

வழக்கு நடந்த ஆண்டுகளில் அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். "விட்டுத் தொலை, ஊரே சிரிக்குது" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கணவர், வேலூரில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. தாயார் இறந்தார். குழந்தைகள் இல்லை. பாடியில் ஒரு பட்டறையில் உதிரிப் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் அக்கா.

தீர்ப்பு நாளன்று டெல்லிக்குத் தனியாகவே ரயிலேறினார். நீதிமன்ற அறையின் கடைசி வரிசையில் நின்றார். வாசித்த ஆங்கிலம் புரியவில்லை. வழக்கறிஞரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அது முதலில் மலர்ந்தது, பிறகு வாடியது.

"ஜெயிச்சோமா சார், தோத்தோமா?"

"ரெண்டும்தாம்மா" என்றார் அவர். தாழ்வாரத்தில் நிறுத்தி விளக்கினார். ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிவந்தது. இன்றோடு அது முடிந்தது. திருமணத்தைக் காட்டி மகளை ஒதுக்கும் விதி செல்லாது. உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் இனி நாடு முழுவதும் அதுதான் சட்டம். ஆனால் கருணை வேலை என்பது, சம்பாதித்தவர் இறந்ததும் குடும்பம் தத்தளிக்கும் நேரத்தில் கைகொடுப்பதற்கு. இத்தனை ஆண்டுகள் எப்படியோ சமாளித்துவிட்ட ஜமீலாவுக்கு இப்போது அதைக் கொடுக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

அக்கா அவரிடம் ஒன்றுதான் கேட்டாராம்.

"அப்ப இனிமே எந்தப் பொண்ணையும் அந்தக் கல்யாணக் கேள்வி கேக்க மாட்டாங்கல்ல?"

"கேக்க முடியாது."

"சரி சார். எனக்கு ரயிலு எத்தனை மணிக்கு?"

இதே தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அப்பா இறந்தபோது நானும் மணமானவள், காட்டுப்பாக்கத்தில் குடித்தனம். தயங்கித் தயங்கித்தான் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர், "அதெல்லாம் மாறிடுச்சும்மா. பூந்தமல்லி அம்மா ஒருத்தங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சுட்டாங்க" என்றார். வேலை கிடைத்தது. ஜெயித்தவர் இங்கேதான் ஏதாவது ஒரு பிரிவில் இருப்பார் என்று நினைத்து, நன்றி சொல்லத் தேடினேன். எந்தப் பிரிவிலும் அவர் இல்லை. வழக்கறிஞரை விசாரித்துப் போனபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது.

பூந்தமல்லியில் ஒரு மாடி அறை. நான் கொண்டுபோன புடவையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அக்கா முதலில் கேட்டது இதைத்தான்: "கடைசல் ஷாப் எப்டி கீது? எங்க அத்தா நின்ன இடம் ஜன்னலாண்ட." நான் சொல்லச் சொல்லக் கண் இமைக்காமல் கேட்டார். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள், என்னோடு வாருங்கள் என்றேன். தலையசைத்து மறுத்தார். "வேணாம்மா. வேலை செய்யத்தான் உள்ள உடச் சொல்லிக் கேட்டேன். வேடிக்கை பாக்க இல்ல."

தீர்ப்புக்குப் பிறகு எங்கெங்கோ இருந்து பெண்கள் அவரை அழைத்துப் பேசினார்கள். எந்த அலுவலகத்தில் என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார். "வேலை கெடைச்சிட்டா அப்புறம் போன் வராது. வரலன்னா நல்ல சேதின்னு எடுத்துக்குவேன்" என்று ஒருநாள் சிரித்தபடி சொன்னார். அந்த அறையில் போன் மணி அதிகம் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால், கிளம்பும்போது ஒவ்வொரு முறையும், "இன்னும் செத்த இரேன், டீ போடறேன்" என்பார். குடித்து முடித்த பிறகும் அதையே சொல்வார்.

கடைசி மாதங்களில் மூச்சிரைப்பு. பட்டறைக்குப் போவது நின்றது. ஞாயிறு இரவு தூக்கத்தில் போய்விட்டார். காலையில் கதவைத் தட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மாள்தான் வழக்கறிஞருக்குச் சொன்னார்.

என்னைத் தொழிற்சாலையிலிருந்து வண்டியில் அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட என் கணவர் அப்படியே வேலைக்குப் போக வேண்டியவர். சந்தில் ஜனம் குறைவாக இருந்ததைப் பார்த்தார். உடல் வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும் நேரத்தில், பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவரிடம், "நானும் தோள் கொடுக்கலாங்களா?" என்று கேட்டார். "வாங்க தம்பி" என்றார் அவர். என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனார். தோள் கொடுத்த நால்வரில் வழக்கறிஞர் ஐயாவைத் தவிர மற்ற மூவரும் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசியவர்கள் இல்லை. ஆனாலும் அலுங்காமல் தூக்கிப் போனார்கள்.

பெண்கள் நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சந்து திரும்பி அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய் வாருங்கள், ஜமீலா அக்கா.