தெளியாத டியூப்

டீசல் தட்டுப்பாட்டில் பஸ்கள் ஒவ்வொன்றாக நின்ற நாட்கள். கரண்டும் இல்லை, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வுகூடத்தை ஒரு வாரத்துக்குப் பூட்டினார்கள். ஃப்ரீசரில் வைத்திருந்த மாதிரிகளின் பிரதிகள் முன்பே கெட்டுவிட்டன. மிஞ்சிய பத்து டியூப்களைப் பெட்டியில் அடுக்கி, கலஹா பஸ்ஸில் நசுங்கி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவின் லயத்து வீட்டுக்கு வந்தேன். என் பட்டமே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

டியூப்களில் பாக்டீரியாக்கள். ஒவ்வொரு பாக்டீரியாவுக்குள்ளும் ஒரு வைரஸ் ஒளிந்திருந்தது. அதன் மரபணுக்கள்மேல் ஒரு புரதம் உட்கார்ந்து, அதை எழும்பவிடாமல் அமுக்கி வைத்திருக்கும். சூடு பட்டால் பிடி விட்டுப்போகும். வைரஸ் பெருகிப் பாக்டீரியாவை வெடிக்கச் செய்யும். கலங்கலாக இருந்த திரவம் தெளிந்துவிடும். தலைமுறை தலைமுறையாக வளர்த்தால், ஏதாவது ஒன்றிலாவது அந்தப் புரதம் மாறி, சூட்டிலும் பிடியை விடாமல் நிற்குமா? எட்டு மாதம் இதையே தேடினேன். ஒரு லீவு நாள்கூட எடுக்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, பஸ் ஓடுமா என்று விசாரிக்கப் புறப்பட்டேன். காய்ச்சலால் வேலைக்குப் போகாமல் இருந்த அக்காவிடம், "பத்திரமா பாத்துக்கக்கா. ஒடஞ்சா, ஒழுகினா கைய வைக்காம பிளீச்சிங் தண்ணிய ஊத்திரு" என்றேன். சூடு படக்கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. நான்தான் பெரிய படிப்புக்காரி!

மதியம் திரும்பினால், பெட்டி அடுப்பங்கரையில் இருந்தது. உள்ளே எல்லாம் தண்ணீராகத் தெளிந்திருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஜில்லுனு கெடந்துச்சு. பாலுக்கு ஒற ஊத்தி அடுப்புப் பக்கத்துல வைப்போம்ல, அப்பிடித்தான் வச்சேன்" என்றாள் அக்கா. "பாரு, எவ்வளவு சுத்தமா தெளிஞ்சிருச்சு!"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். காய்ச்சல்காரி என்றுகூடப் பார்க்கவில்லை. கத்தி ஓய்ந்த பிறகுதான் டியூப்களை எண்ணினேன். ஒன்பது.

"இன்னொண்ணு எங்க?"

"அது மட்டும் தெளியவே இல்ல" என்றாள் பயந்துபோய். "மத்ததெல்லாம் தெளிஞ்ச பொறகும் கலங்கியேதான் கெடந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு, நீ சொன்ன மாதிரியே பிளீச்சிங் தண்ணிய ஊத்திட்டேன்."

எட்டு மாதம் நான் தேடியது அதுதானா, வேறு ஏதாவதா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

ஜன்னல் கட்டையில் அந்த டியூப் கவிழ்ந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கழுவி வைத்திருந்தாள்.