ஐரிஷ் அத்தையின் காகிதக் கட்டு

எங்கள் வீட்டில் ஒரு புத்தகம் எழுதப்பட்டது. நான் அதைப் படித்ததில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். அது இங்கிலீஷ் புத்தகம் வேறு. ஆனாலும் எழுதியது எங்கள் மாடியில்தான். குற்றாலத்தில் எத்தனை வீட்டில் இதைச் சொல்ல முடியும்?

அப்பா ஆட்டோ ஓட்டினார். மாடி அறையைச் சீசனுக்கு வாடகைக்கு விடுவோம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சாரல் முடிந்து கூட்டம் போன பிறகு, ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக வந்தார். அறுபது வயதிருக்கும். ஆள் இல்லாத நேரம்தான் வேண்டுமாம். அயர்லாந்திலிருந்து வந்திருக்கிறார், புத்தகம் எழுதுகிறவர் என்று அக்கா கேட்டுச் சொன்னாள். அக்கா அப்போது பன்னிரண்டாவது. வீட்டில் இங்கிலீஷ் அவள் பொறுப்பு.

அம்மா முதலில் தொரசாணி என்று கூப்பிட்டாள். அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கிலாந்துக்காரன் நம்மைப் பிடிக்கும் முன்னே அவர்கள் நாட்டைப் பிடித்தவனாம். பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். மூத்தவரை எப்படிப் பேர் சொல்வது? அத்தை என்று முடிவானது.

அப்பா மட்டும் இங்கிலாந்து என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அத்தை நின்று, "அயர்லாந்து" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுவார்.

ஒருநாள் அப்பா அக்காவிடம், "அவுக வீட்டுக்காரரு எங்கன இருக்காருன்னு கேளுட்டி" என்றார்.

அக்கா கேட்டாள். பதிலையும் அப்படியே சொன்னாள். "இருந்தாராம். எழுதாதன்னாராம். விட்டுட்டு வந்துட்டாவளாம்."

மறுநாளிலிருந்து அப்பா அயர்லாந்து என்று சரியாகச் சொன்னார்.

அத்தை காலையில் அருவிக்குப் போய்வருவார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவார். கையால்தான். காய்ச்சலில் கிடந்த அன்றும் எழுதினார். முப்பது வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை என்று அக்கா சொன்னாள். எழுதிய தாள்களை அக்காவின் பழைய ரிப்பனால் கட்டி மேசையில் வைத்திருப்பார். அதற்கு நகல் கிடையாது.

சரஸ்வதி பூசை வந்தது. என் புத்தகங்களையும் அக்கா புத்தகங்களையும் அம்மா மனைப்பலகையில் அடுக்கினாள். எனக்கு ஒரு குறை. வீட்டிலேயே பெரிய எழுத்து மாடியில் அல்லவா இருக்கிறது? அத்தை அருவிக்குப் போயிருந்தார். நான் போய்க் கட்டை எடுத்துவந்து, மேல் தாளில் நானே சந்தனம் குங்குமம் இட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். அம்மா கவனிக்கவில்லை. பூசை முடிந்தது.

அத்தை திரும்பிவந்து மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இறங்கிவந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். அக்காவிடம் இரண்டு வார்த்தைதான் சொன்னார். கட்டைக் காணோம்.

"கொரங்குதான்" என்றார் அப்பா. ஜன்னல் திறந்து கிடந்தது. போன வாரம்தான் குரங்கு அத்தையின் சோப்பை எடுத்துப் போயிருந்தது. பூசைக்குக் கட்டிய புதுவேட்டியை மடித்துக்கொண்டு அப்பா கொல்லைப் பலாமரத்தில் ஏறினார். எதிர்க்கடை அண்ணாச்சி கீழே நின்றார்.

"கொரங்குக்குப் பேப்பரு எதுக்குவே? பரிச்சையா எழுதப் போவுது?"

"நீரு சும்மா நில்லும். கெளையப் பாரும்."

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்திருந்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அப்பா மூன்றாவது கிளைக்குப் போனபோதுதான் சொன்னேன்.

"சாமிகிட்ட இருக்கு."

அப்பா இறங்கிவந்தார். என்னை அடிக்கவில்லை. அடியில் இருந்த ரிப்பனைப் பார்த்துவிட்டு, "பூசைல வச்சாச்சு. இனி நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். அவுகட்டச் சொல்லு" என்றார்.

அக்கா சொன்னாள். அத்தை மெதுவாக ஏதோ பதில் சொன்னார்.

"தன் எழுத்த எப்ப எடுக்கணும், எப்ப வைக்கணும்னு யாரும் சொல்லக்கூடாதாம்" என்றாள் அக்கா.

அம்மா பேசினாள். அப்பா சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லி நான் பார்த்திராத அம்மா.

"அவுக பொருளு. கேக்காம எடுத்தது நம்ம புள்ள. குடுத்துருதேன். சாமி கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

மேலிருந்த புத்தகங்களை நகர்த்தி, கட்டை எடுத்து, இரண்டு கையாலும் அத்தையிடம் கொடுத்தாள்.

அத்தை வாங்கினார். சந்தனத்தைப் பார்த்தார். விரலால் தொட்டார், துடைக்கவில்லை. விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. அப்புறம் குனிந்து, கட்டை அது இருந்த இடத்தில் அவரே திரும்ப வைத்தார். மாடிக்குப் போனார்.

அன்று அவர் எழுதவில்லை.

நான்கு மாதம் இருந்துவிட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. அக்கா வாசித்து வாசித்துச் சொன்னாள். எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் அவர் ஊர்க் கதை. அதில் ஓர் இடம். அவருடைய முதல் புத்தகம் வந்தபோது, அதை யாரும் தொடக்கூடாது என்று மாதா கோயிலில் சாமியார் சொல்லிவிட்டார். அவரைப் பெற்ற அப்பாவே அதை அடுப்பில் போட்டார். அவர் கண் முன்னால்.

இப்போது அதே வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் பூசைக்குக் கத்தரிக்கோலையும் அந்தப் புத்தகத்தையும் வைக்கிறேன். புத்தகம் அடியில்தான்.

அத்தை கட்டைத் திரும்ப வைத்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இவ்வளவு தைரியமான அத்தை எங்கள் அப்பாவுக்குப் பயந்துவிட்டாரே என்று.