தீபாவளித் தேதியின் இரண்டு நகல்கள்

போன வாரம் பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கப் போனபோது, கடைச் சுவரில் அடுத்த ஆண்டு நாட்காட்டியை மாட்டியிருந்தார்கள். வழக்கம்போல் முதலில் தீபாவளியைத் தேடினேன். தேதிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், அடியில், 'மாறுதலுக்குட்பட்டது'. மீன்காரர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். நான் கவனிக்காததால் வெட்டாமலே கட்டிக் கொடுத்துவிட்டார்.

அந்த நட்சத்திரம் என்னை முன்பு வேலை பார்த்த ரவாங் அலுவலகத்துக்குக் கொண்டுபோனது. தொழிற்சாலைகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் எழுதினோம். வேலை நேரப் பட்டியல் போடும் நிரல் ஒன்று. வாசலில் அட்டை தேய்க்கும் கருவிக்கு ஒரு நூலகம். புத்தகமில்லாத நூலகம், பல நிரல்கள் எடுத்தாளும் பொதுத் தொகுப்பு. இரண்டுக்கும் விடுமுறைத் தேதிகள் வேண்டும். ஒரே கோப்பை இரண்டும் பார்க்கும்படி வைப்பதுதான் முறை. வைத்துப் பார்த்தேன். நூலகம் கோப்பைக் காணோம் என்றது. சாப்பாட்டு நேரம் வேறு. நகலெடுத்து நூலகத்துக்குள் போட்டுவிட்டு வாழையிலைச் சோற்றுக்குப் போனேன்.

தேதிகளைக் குறித்து வைப்பதில் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர். நகலெடுத்த அன்றைய தேதியை மட்டும் எங்கும் குறிக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த கோமதி, ராசா என்ற ஊரிலிருந்து ரயிலில் வருவாள். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஆண்டு தீபாவளி ஒரு நாள் தள்ளிப்போனதும் பட்டியல் நிரலின் கோப்பைத் திருத்தினாள். திருத்துகிறவர் கோப்பின் தலையில் பெயரெழுதுவது எங்கள் வழக்கம். எழுதினாள்.

“இந்த டேட் வேற எங்கயும் இருக்காண்ணே?”

“இல்ல லா. நீ முறுக்கு சுடப் போ.”

நகல் இருப்பதையே மறந்திருந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள், விடுமுறையிலிருந்த தொழிலாளர்களுக்கெல்லாம் 'வேலைக்கு வரவில்லை' என்று எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. மேலாளர் நிரலின் கோப்பைத் திறந்தார். தேதியைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தார்.

“கடைசியா கை வச்சது நீதானே? நம்ம பண்டிகையே உனக்குத் தெரியாதா?”

“சரியாத்தான் சார் மாத்தினேன். அண்ணன்கிட்டயும் கேட்டேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நூலகத்தின் நகல் திறந்திருந்தது, பழைய தேதியோடு.

“பார்க்கணும் சார்,” என்றேன்.

கோமதியை நிரந்தரமாக்கவில்லை. அவள் போன பிறகு வந்த திங்கட்கிழமை, நகலை அழித்து இரண்டையும் ஒரே கோப்பைப் பார்க்க வைத்தேன். பத்து நிமிட வேலை.

பிறகு யார் எதைத் திருத்தினார் என்பதைத் தானே பதியும் கருவி வந்தது. கோப்புகளின் தலையிலிருந்த பெயர்களை நீக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவள் பெயரிருந்த வரியையும் நீக்கினேன். ஒன்றும் தோன்றவில்லை. இன்று அந்த நிரல் எங்கும் ஓடவில்லை. அலுவலகம் இருந்த மாடியில் முடிதிருத்தும் கடை. அந்த ஆண்டு தேதியைச் சரியாக எழுதியவள் கோமதி என்பதற்கு ஒரு வரிகூட மிச்சமில்லை.