பாம்புத்தாரா பிடித்த விரால்

என் சின்ன மாமாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. தூண்டில் முள்ளில் புழுவைக் கோக்கச் சொன்னால் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு திரும்பிக்கொள்வார். ஆனாலும் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் அவருக்கு மீன் பிடிப்பதுதான் முழுநேர வேலை. விடிகிறபோதே சைக்கிளில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு, நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கை விட்டுக் கிளம்பிவிடுவார். இருட்டின பிறகு வெறுங்கையோடு வருவார். அந்த வருஷம் முழுவதும் அவர் கையால் வீட்டுக்கு வந்த மீன் ஒன்றே ஒன்று. அதுவும் நான் பிடித்தது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. சண்டைக்கு முன்னால் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். பஸ் நின்றுபோனதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த நாளில் வேலைச் சீட்டு இல்லாத வாலிபன் பகலில் தெருவில் நடமாட முடியாது. லாரி வரும், பிடித்து ஏற்றும், சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விடும். எங்கள் ஊர் ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனவர்கள், ஆட்களையா விட்டுவைப்பார்கள்? லாரியில் ஏறிப் போன ஆட்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. என் அப்பாவுக்கு நகரத்துத் தண்ணீர்க் குழாய் வேலை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜப்பான்காரனும் குளிக்க முடியாது, அதனால் அவரை மட்டும் தொடவில்லை. ஆயர் குரோ பக்கம் ரப்பர் மரம் நிற்கிற கித்தா காட்டுக்குப் பின்னால் ஆள் அரவமில்லாத ஓர் ஏரி இருப்பதை மாமாவுக்குச் சொன்னதும் அப்பாதான்.

பிறகு தெருவில் இன்னொரு பேச்சு கிளம்பியது. பிள்ளைகுட்டிக்காரனைச் சயாமுக்கு அனுப்புவதில்லையாம். மெய்யோ பொய்யோ, நம்புவதற்கு வேறு எதுவும் இல்லாததால் எல்லாரும் அதை நம்பினார்கள். மாமாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை, பிள்ளைக்கு எங்கே போவார்? அக்காள் மகள் ஒருத்தி ஒன்பது வயதில் வீட்டில் சும்மா வாயாடிக்கொண்டிருந்தாள். அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டால் போகிறது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

எனக்கு இதெல்லாம் சொல்லப்படவில்லை. எனக்குச் சொல்லப்பட்ட காரணம் விரால் மீன். அம்மாவுக்குத் தம்பிப் பாப்பா பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது, புண் ஆறவில்லை. செட்டிகள் குடியிருக்கும் கம்பத்திலிருந்து மருத்துவச்சி வந்து பார்த்தாள். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். "காசி மாக்கான் ஹாருவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். விரால் மீன் கொடுங்கள், புண் ஆறும் என்று அர்த்தம். மரவள்ளிக்கிழங்கையே மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்த வீட்டில் விராலுக்கு எங்கே போவது? மாமாவை நம்பிப் பயனில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே பிடிப்பது என்று கிளம்பிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் மாமா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஏரிக்குப் போனா என்னை மாமான்னு கூப்பிடக்கூடாது. அப்பான்னு கூப்பிடணும்."

"ஏன்?"

"மாமான்னு கேட்டா மீனு கிட்ட வராது."

"அப்பான்னு கேட்டா மட்டும் வருமா?"

"வரும்லா. அப்பா கூப்பிட்டா வந்துதானே ஆகணும்?"

"எனக்குத்தான் ஏற்கெனவே அப்பா இருக்காரே!"

"அவரு வீட்டுக்கு. ஏரிக்கு நான். ஒரு நாள் பூரா தப்பு இல்லாம கூப்பிட்டீன்னா ஒரு கோழிக்குஞ்சு பிடிச்சுத் தரேன். காட்டுக்கோழி. தண்ணியில நீந்துற கோழி."

நீந்துகிற கோழிக்காக நான் யாரை வேண்டுமானாலும் அப்பா என்று கூப்பிடத் தயாராக இருந்தேன். ஆனால் என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் என்னால் இருக்க முடியாது. கோயில் பூசாரி மந்திரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டார் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லி உதை வாங்கியவள் நான். அம்மாவுக்கு இது தெரியும். படுத்திருந்தபடியே என் கையை இறுக்கிப் பிடித்து, "மாமா சொன்னத மறந்துடாதே, கண்ணு" என்றாள். கை வலித்தது. ஒரு கோழிக்குஞ்சுக்கு அம்மா ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிள் டயருக்குப் பதில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முன்கம்பியில் உட்கார்ந்திருந்த எனக்கு வழியில் உள்ள ஒவ்வொரு கல்லும் தெரியும். கித்தா காடு முடிந்து வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான், வலியெல்லாம் மறந்து சைக்கிளிலிருந்து குதித்துவிட்டேன்.

ஏரியா அது! தண்ணீரைவிடப் பறவைதான் அதிகம். நாணல் ஓரத்தில் வெள்ளை முகத்துக் கம்புள் கோழிகள் வாலை வெடுக்வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு நடந்தன. ஒன்று 'ருவாக்' என்றால் நாலாப்பக்கமிருந்தும் 'ருவாக் ருவாக்' என்று பதில் வந்தது. நீல நிறத்தில் சிவப்பு மூக்கோடு பெரிய கோழிகள் மிதக்கும் இலைமேலேயே நடந்து போயின. நடுத்தண்ணீரில் சீழ்க்கைத் தாராக்கள், ஐந்நூறு இருக்கும், ஆயிரம்கூட இருக்கும், ஒன்றோடொன்று விசில் அடித்துப் பேசிக்கொண்டிருந்தன. பட்டணத்தில் வாய் திறக்கவே எல்லாரும் பயந்துகொண்டிருந்த காலம் அது. இங்கே என்னடாவென்றால் இத்தனை ஆயிரம் வாயும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. எனக்கும் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தினேன். "அப்பா! அங்கே பாருங்க அப்பா!"

மாமா பறவையைப் பார்க்கவில்லை. நாங்கள் வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவளை பிடித்து முள்ளில் குத்துவது என் வேலையாயிற்று. வீட்டிலிருக்கிற என் அப்பா கம்பியை வளைத்து முள் செய்து, கயிறும் முறுக்கிக் கொடுத்திருந்தார். நான் தூண்டிலைப் போட்டுக் காத்திருந்தபோது தண்ணீரில் ஒரு பாம்பு தலையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னைப் பார்த்து நீந்தி வந்தது. "அப்பா! பாம்பு!" என்று அலறினேன். அலறினபோதும் அப்பா என்றுதான் அலறினேன், அதைக் கவனிக்க வேண்டும். மாமா சிரித்தார். "அது பாம்பு இல்ல, நல்லா பாரு" என்றார். பாம்புக்குக் கீழே ஒரு கறுத்த உடம்பு எழும்பி வந்தது, சிறகு வந்தது, கடைசியில் ஒரு முழுப் பறவை பட்ட மரத்தில் ஏறி, துணி காயப்போட்ட மாதிரி இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. பாம்புத்தாரா. கழுத்து மட்டும் பாம்பு. அதன்மேல் வைத்த கண்ணை அப்புறம் எடுக்க முடியவில்லை. குதித்து முங்கும், எங்கோ தள்ளி எழும்பும், அலகில் ஒரு மீன் குத்தியிருக்கும், தூக்கிப்போட்டுப் பிடித்து விழுங்கும். மாமாவைவிட ஆயிரம் மடங்கு நல்ல மீன்காரன்.

உச்சிவேளையில் என் கயிறு வெட்டி இழுத்தது. விரால்! கழியோடு என்னையும் சேர்த்து இழுத்தது. குதிகாலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நானும் இழுத்தேன். கரைக்குப் பத்தடி இருக்கும்போது திடீரென்று கனம் இரண்டு மடங்காயிற்று. தண்ணீர் வெடித்த மாதிரி சிதறியது. பாம்புத்தாரா எழும்பி வந்தது, அதன் அலகில் என் விரால்! கீழே முங்கியிருந்த பறவை என் மீனைக் குத்திவிட்டது. மீன் பெரிது, விழுங்கவும் முடியவில்லை, உதறவும் முடியவில்லை. கயிறு அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அது சிறகடிக்க, மீன் துடிக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, என் அம்மாவின் மருந்து கண் முன்னாலேயே பறந்துபோகப் பார்க்கிறது. எனக்குக் கோழிக்குஞ்சும் மறந்தது, நிபந்தனையும் மறந்தது.

"மாமா! மாமா! ஓடி வாங்க மாமா!"

ஐந்நூறோ ஆயிரமோ, அத்தனை தாராக்களும் ஒரே சமயத்தில் எழும்பின. வானம் முழுக்க விசில். மாமா தண்ணீரில் பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பறவையைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் கரையைப் பார்த்தார். நானும் திரும்பினேன்.

இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் துப்பாக்கி வைத்த ஜப்பான் சிப்பாய், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இன்னொருவர் அவர்களுக்குக் கணக்கெழுதுகிற தமிழ்க் கிராணி. கையில் வெள்ளைப் பட்டி, கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது, அக்குளில் ஆள் பிடிக்கிற பட்டியல் புத்தகம்.

சிப்பாய் எங்களைப் பார்க்கவே இல்லை. கயிற்றில் மாட்டிய பறவையையும் அதன் வாயிலிருந்த மீனையும் பார்த்தான். அவன் முகம் திருவிழாவில் தொலைந்த பிள்ளை தாயைக் கண்டது போல் மலர்ந்தது. "ஊ! ஊ!" என்று கத்தினான். துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டுப் பூட்ஸோடு ஏரியில் இறங்கிவிட்டான். அவன் பாஷையில் ஊ என்றால் நீர்க்காகம். அவன் ஊரில் அதன் கழுத்தில் கயிறு கட்டி மீன் பிடிப்பார்களாம். நாங்களும் அதே தொழில்காரர்கள் என்று நினைத்துவிட்டான். இது வெகுநாள் கழித்து எனக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு அவனுக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

பைத்தியம் ஆனாலும் கை பழகின கை. பறவையின் கழுத்தை மெல்லப் பிடித்து ஏதோ கொஞ்சிப் பேசினான், கயிற்றைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான், அலகிலிருந்து விராலை உருவி என் கையில் கொடுத்தான். பறவை அவன் புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது. ரத்தம் வந்தது, அதற்கும் சிரித்தான். பிறகு பறவையைத் தண்ணீரில் விட்டான், அது மறுபடி முங்கி இன்னொரு மீன் கொண்டுவரும் என்று. அது திரும்பிப் பார்க்காமல் மரத்துக்குப் பறந்துவிட்டது. சிப்பாய்க்கு முகம் செத்துப்போயிற்று. எங்கள் பிழைப்பைத் தான் கெடுத்துவிட்டதாக அவனுக்கு வருத்தம்.

அப்புறம்தான் அவனுக்கு வேலை ஞாபகம் வந்தது. மாமாவைக் காட்டி, உடைந்த மலாயில், யார் இவன் என்று கிராணியைக் கேட்டான்.

கிராணி மாமாவைப் பார்த்தார். மாமா மார்பளவு தண்ணீரில் நின்றார்.

"இந்தப் பிள்ளையோட அப்பா" என்றார் கிராணி, மலாயில்.

மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சும்மா இருப்பேனா?

"அப்பா இல்ல, மாமா! எங்க அப்பா குழாய் வேல செய்யிறாரு!" என்று தமிழில் திருத்தினேன்.

தாராக்கள் மறுபடி தண்ணீரில் இறங்கத் தொடங்கின. பிள்ளை என்ன சொல்கிறது என்று சிப்பாய் கேட்டான். கிராணி புத்தகத்தை ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குளுக்கு மாற்றினார்.

"பறவை போயிடுச்சே, அப்பா அடிப்பாரேன்னு அழுவுது" என்றார், மலாயில்.

நான் அழவே இல்லை! ஒரே மூச்சில் இரண்டு தப்பு. மறுபடி வாயைத் திறந்தேன். கிராணி குனிந்து, என் முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னார். "மீனு கிடைச்சிருச்சுல்ல தாயி? வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ." அவர் கண்ணாடி வேர்த்திருந்தது. சிப்பாய் மாமாவிடம் விரலை ஆட்டி, பிள்ளையை அடிக்கக் கூடாது என்று மிரட்டிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். இருவரும் கித்தா காட்டுக்குள் போய்விட்டார்கள்.

மாமா கரையேறிச் சேற்றிலேயே உட்கார்ந்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. நண்பகல் வெயிலில் இவருக்கு மட்டும் என்ன குளிர் என்று எனக்குப் புரியவில்லை. மாமா என்று கூப்பிட்டதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். சேற்று நாற்றம் அடித்தது.

அம்மா விரால் குழம்பு சாப்பிட்டாள், புண்ணும் ஆறியது. சிப்பாய் மாதிரி 'ஊ ஊ' என்று கத்திக்கொண்டு வீடு முழுக்க நடித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. கிராணி சொன்னதை மட்டும் அம்மா மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டாள். "அவருக்குக் காது சரியா கேக்கல" என்று மூன்று தரமும் சொன்னேன். நிபந்தனையில் தோற்றவளுக்கு ஒரு வாரம் கழித்து மாமா துண்டில் சுற்றிக் கரிக்கட்டி போல ஒரு கம்புள் குஞ்சு கொண்டுவந்தார். எதற்காக என்று கேட்டேன், சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். மாமா அப்புறம் கல்யாணம் செய்து, ஐந்து பிள்ளைகள் பெற்று, எண்பது வயது வரை இருந்தார். கடைசி வரை புழு கோக்கத் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது விரால் பிடித்து இரண்டு மாதம் கழித்து நடந்தது. வாசலில் குஞ்சுக்கு மண்புழு போட்டுக்கொண்டிருந்தேன். வாசலுக்கு எதிரே பெரிய சடக்கு ரோட்டில் லாரி ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. ஓரத்தில் ஒரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கிராணி உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளைப் பட்டி இல்லை. கண்ணாடியில் நூல் இருந்தது. பட்டியலில் ஆள் குறைந்தால் பட்டியல் எழுதியவனையே ஏற்றிவிடுவார்கள் என்று ஒன்பது வயதில் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"அம்மா, இங்க வாங்களேன்! அந்தக் காது கேக்காத கிராணிய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க! நல்லா வேணும்!" என்று கத்தினேன்.

அம்மா ஓடி வந்தாள். தம்பிப் பாப்பாவை என் கையில் திணித்தாள். லாரி புறப்பட்டது. அது திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். யாரைக் கும்பிடுகிறாள் என்று நானும் எட்டிப் பார்த்தேன். எங்கே திரும்பினாலும் கோயில் இருக்கிற காஜா பெராங்கில் அந்தப் பக்கம் மட்டும் கோயிலே கிடையாது.