ஆன்னாகாளி

கிடர்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. பிரசவ வார்டு ஆயா ஒடிசலானவர். பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. என் தங்கைக்கு மூன்றாவதும் பெண் என்றதும், மாமியார் எட்டிக்கூடப் பார்க்காமல் வெளியேறினார். ஆயாதான் குழந்தையைத் துடைத்து என் கையில் தந்தார்.

"உங்க பேரென்ன?" என்று வங்காள மொழியில் கேட்டேன்.

"ஆன்னாகாளி. 'இனி வேண்டாம், காளி'ன்னு அர்த்தம், தீதி. நான் அஞ்சாவது பொண்ணு."

நம் ஊர்ப் 'போதும்பொண்ணு' நினைவுக்கு வந்தது.

"அப்புறம் தம்பி பிறந்தானா?"

"பிறந்தான். அந்தப் பிரசவத்துலயே அம்மா போயிட்டா."

துணியை இழுத்துக் குழந்தையின் காதை மூடினார். "வீட்டுக்குப் போறதுக்குள்ள நீங்களே பேர் வெச்சிடுங்க, தீதி. இல்லேன்னா அவங்க வெச்சிடுவாங்க."

தங்கை அங்கேயே 'பிரியா' என்று வைத்தாள். ஆயா அதை மெல்ல இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். யாரை நினைத்துச் சொன்னாரோ, எனக்கு இன்றும் தெரியவில்லை.