கொக்கிப்புழு முட்டை

லேபில் மலப் பரிசோதனைக்கென்று சிறிய டப்பாவை நீட்டினார்கள். பினாயில் வாடை என்னை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது.

எட்டு வயதில் நான் வெளிறிப்போய் எந்நேரமும் படுத்தே கிடப்பேன். சோம்பேறி என்று அத்தை விளக்குமாற்றால் அடிப்பாள். ஒருநாள் அம்மா என் மலத்தைத் தீப்பெட்டியில் எடுத்துக்கொண்டு என்னையும் ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனாள்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார். "கொக்கிப்புழு முட்டைம்மா. வயித்துல புழு ரத்தத்த உறிஞ்சுது. பிள்ள எப்படி எந்திப்பா?"

வீட்டு வாசலிலேயே அத்தை கத்தினாள். "பீயத் தூக்கிட்டு ஊரச் சுத்துதியே, வெக்கமா இல்லையாளா?"

"ரத்தமில்லாத பிள்ளையவா மயினி அடிச்சிய? இனி தொட்டுப் பாருங்க!" என்றாள் அம்மா.

மருந்தில் நான் தேறினேன். அடித்தது தவறென்று அத்தை ஒருநாளும் சொல்லவில்லை. அவள் சாவுக்குப் போய் நின்றேன். அழுகை வரவில்லை.